ஆகாசமும் அடித்தாளமும்

ஆவக்காய், மாகாளி, நார்த்தங்காய் என்று ஊறுகாய்களைத் தனித்தனி ஜாடிகளில் போட்டுத் துணி கட்டி வைப்பது போல, மேல்நாட்டார் தங்களுடைய ராக் சங்கீதத்தையும் வகை வகையாகப் பிரித்துச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். புரோகிரஸிவ் என்று ஒரு ஜாடி. சைகடெலிக் என்று ஒரு ஜாடி. ஸ்பேஸ் ராக், ஃபங்க் என்று வேறு இரண்டு. முன்னே இசைத்தட்டுக் கடைக்காரர் இருந்தார். இப்போது அவருக்குப் பதிலாக இயந்திரம் ஒன்று நமக்குப் பாட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. இருவருக்கும் ஒரே சுபாவந்தான். ஒரு ஜாடியில் கையை விட்டுவிட்டால், பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே ஜாடியிலிருந்தே எடுத்து வைப்பார்கள். நமக்கு வேண்டியிருந்ததோ நான்கு ஜாடியும் கலந்த ஒன்று. எதற்காக வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் ஜாடிகளைத் திறந்து பார்த்துவிடலாம்.

1966-ஆம் வருஷக் கடைசியில் லண்டன் நகரில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் யூ.எஃப்.ஓ. என்ற இராக் கிளப் ஒன்று தோன்றியது. அங்கே வாத்தியக்காரர்களின் மேலும் சுவரின் மேலும் வர்ண எண்ணெயை விளக்கொளியில் ஓடவிட்டு நிழற்படம் காட்டுவார்கள். பிங்க் ஃப்ளாய்ட் கோஷ்டியும் ஸாஃப்ட் மெஷின் கோஷ்டியும் அங்கே வாசித்துப் பெயர் எடுத்தன. பிங்க் ஃப்ளாய்டின் முதல் இசைத்தட்டு 1967-ல் வெளியாயிற்று. அதில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற உருப்படி சாஹித்தியமே இல்லாமல் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகிறது. புலன்களை மயக்கி, நேரம் போவதை மறக்கடிப்பதற்காகவே செய்த சங்கீதம் அது. இதுதான் சைகடெலிக். அதன் பிறப்பில் போதை மருந்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. பிங்க் ஃப்ளாய்டின் முதல் தலைவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து, 1968-ல் அந்தக் கோஷ்டியை விட்டே விலகும்படி ஆயிற்று. எல்.எஸ்.டி. என்னும் மருந்தும் அதற்கு ஒரு காரணம் என்று கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சங்கீதத்தை நாம் ரஸிக்கலாம். அதற்காக அந்தப் பையன் கொடுத்த விலையைச் சேர்த்து ரஸிக்க வேண்டியதில்லை.

புரோகிரஸிவ் என்பது, மூன்று நிமிஷப் பாட்டில் அடங்காமல் அங்கம் அங்கமாக வளர்த்துக்கொண்டு போகும் நீண்ட உருப்படி. ஸ்பேஸ் ராக் என்பதை, மின்சார யந்திரங்கள் இரைய, ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவது போன்ற சங்கீதம் என்று சொல்லிவிடலாம்.

ஃபங்க் விஷயம் வேறு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க நீக்ரோவர் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவர்களும், இன்று கறுப்பு அமெரிக்கர் என்று தங்களைக் கம்பீரமாக அழைத்துக் கொள்பவர்களுமான ஜனங்கள் உலகத்துக்கு அளித்த கொடை அது. ஜேம்ஸ் பிரவுன் என்ற மகா பாடகர் 1965-ஐ அடுத்த வருஷங்களில் தம்முடைய கோஷ்டியை வேறொரு வழியில் திருப்பினார். அதற்கு முன் தாளத்தின் இரண்டாவது, நான்காவது அடிகளில் அழுத்தம் கொடுப்பது வழக்கம். அவரோ ஆவர்த்தனத்தின் முதல் அடியில் எல்லாரும் வந்து இறங்க வேண்டும் என்றார். கிதார், ஊதுகுழல், பேஸ் எல்லாமே அவருடைய கையில் ஒருவிதத்தில் மத்தளங்களாகிவிட்டன. அந்த முதல் அடிக்கு அவர்கள் வைத்த பெயர் 'தி ஒன்'. நம்முடைய ரஸிகர்களுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கணக்குப் போட்டுச் சுற்றிச் சுற்றி அலைந்து கடைசியில் சமத்தில் வந்து விழும்போது, சபையில் அத்தனை பேருடைய கையும் தன்னை அறியாமல் தொடையில் விழுகிறதல்லவா? அந்த ஆனந்தத்தையே நிமிஷத்துக்கு இருபது முப்பது தடவை கொடுப்பதுதான் ஃபங்க்.

இனி நமது தேவையைச் சொல்லலாம். நம் வீட்டில் ஐந்து பேர். சென்ற சில வருஷங்களாக இராச் சாப்பாடு ஆனதும் ஐவரில் நால்வர் காதில் குமிழ்களை அடைத்துக்கொண்டு நாலு மூலையில் உட்கார்ந்துவிடுவது வழக்கமாயிருந்தது. மகனுக்கு ஃபங்க் தவிர மற்றதெல்லாம் தூக்கம். மகளுக்கு ஆகாசத்தில் மிதக்கும் சங்கீதந்தான் வேண்டும். தாளம் பலமாக விழுந்தால் 'இரைச்சல்' என்பாள். நமது அன்னையாருக்கு வயது எண்பத்தொன்று. ரேடியோக் கச்சேரியைத் தவிர வேறொன்றுக்கும் செவி சாய்ப்பதில்லை. நமது இல்லத்தரசியின் கட்சி, எல்லாவற்றையும் நிறுத்தினால் நல்லது என்பது. இந்த நிலையில் மகனுக்கு வெளிதேசத்தில் படிப்புக்கு இடம் கிடைத்து, மூன்று மாதத்தில் புறப்படுவது நிச்சயமாயிற்று. அவன் போவதற்குள் ஒரு நாளாவது கூடத்தில் எல்லாரும் ஒரே சங்கீதத்தை ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்று நமக்கு ஆசை பிறந்தது. சின்ன ஆசைதான். அதற்குள் இத்தனை சிக்கல் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

ஹாக்விண்ட் என்ற ஆங்கிலக் கோஷ்டியிலிருந்து ஆரம்பித்தோம். 1969-ல் தோன்றிய கோஷ்டி. 1972-ல் இவர்களுடைய 'ஸில்வர் மெஷின்' என்ற பாட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் மூன்றாவது இடத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் வெளியான 'ஸ்பேஸ் ரிச்சுவல்' என்னும் இரட்டைத் தட்டு, ஸ்பேஸ் ராக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்றும் எடுத்துக் காட்டப்படுவது. லெம்மி என்பவரின் பேஸ் கிதார் இடி மாதிரி உருண்டு வருகிறது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் தாளம் நேர் கோட்டில் ஓடுகிறதே தவிர வளைவதில்லை. மகன் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். அன்னையார், "ஏண்டா, நம்ம ஊர் அரிசி மில்லை எப்போ லண்டனுக்குக் கொண்டு போனாங்க?" என்று விசாரித்தார்.

அப்புறம் எதிர்க் கோடியிலிருந்து வந்து பார்த்தோம். இங்கிலாந்தில் ஆகாசத்தில் ஏறியவர்கள் பூமியைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலே, அமெரிக்காவில் பூமியில் நன்றாகக் கால் ஊன்றியவர்கள் ஆகாசத்தை நோக்கிக் கிளம்பியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன். நியூ ஜெர்ஸியில் சிகை அலங்காரக் கடையில் தொழில் செய்துகொண்டே பாட்டுக் கோஷ்டி நடத்தியவர். ஏறக்குறைய ஒரே வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பார்லிமென்ட், ஃபங்கடெலிக் என்று இரண்டு பெயர்களில் கடை விரித்தார். 'ஃபங்கடெலிக்' என்ற பெயரே நாம் தேடிய கலவை அல்லவா? 1972-ல் ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த பூட்ஸி காலின்ஸ் என்ற பேஸ் வித்வானும் இவர்களோடு சேர்ந்தார். 1975-ல் 'மதர்ஷிப் கனெக்ஷன்' என்ற தட்டு வந்தது. மறு வருஷத்திலிருந்து அவர்களுடைய கச்சேரிகளில் விண்வெளிக் கப்பல் ஒன்று புகை கக்கிக்கொண்டு மேடையில் இறங்கும். அந்தக் கப்பலின் பிற்கால வடிவம் ஒன்றை இன்று வாஷிங்டன் நகரத்துக் கறுப்பு அமெரிக்கர் வரலாற்றுக் காட்சிசாலையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். பஸ்ஸில் ஏறுவதற்கே முன் வாசல், பின் வாசல் என்று தகராறு செய்யப்பட்ட ஒரு ஜனசமூகம் தனக்கென்று ஆகாசக் கப்பல் செய்து இறக்கிக் காட்டியதை வெறும் வேடிக்கை என்று நம்மால் ஒதுக்க முடியவில்லை.

ஃபங்கடெலிக்கின் 1971-ஆம் வருஷத்துத் தட்டு ஒன்றின் முதல் உருப்படியை அன்று இரவு வைத்தோம். அதன் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'புழுமூளை' என்று வரும். ஆகவே பெயரைச் சொல்லாமலே வைத்தோம். எடி ஹேசல் என்ற இளைஞர் பத்து நிமிஷம் கிதார் வாசிக்கிறார். மற்ற வாத்தியங்களைக் கிளின்டன் பிற்பாடு கிட்டத்தட்ட அடக்கிவிட்டாராம். ஆகையால் அந்த ஒரு கிதார் மட்டும் வெட்டவெளியில் நின்று கதறுகிறது. ஐந்தாவது நிமிஷத்தில் அன்னையார் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு செத்துப்போனா?" என்று மெதுவாகக் கேட்டார். 'உன் தாயார் இறந்துவிட்டதாக இப்போதுதான் செய்தி வந்தது என்று நினைத்துக்கொண்டு வாசி' என்று கிளின்டன் ஹேசலிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதை அன்னையாருக்குத் தெரியாது. நாமும் அப்போது சொல்லவில்லை. ஊருக்குப் புறப்படப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அதை மறுபடி வைக்க மனம் வரவில்லை.

கடைசியில் நாம் தேடியது அகப்பட்ட இடம் பிரான்ஸு தேசம். ஸாஃப்ட் மெஷின் கோஷ்டியை ஸ்தாபித்தவர்களில் ஒருவர் டேவிட் ஆலன், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1967-ல் கோஷ்டியோடு பிரான்ஸுக்குப் போய்த் திரும்பும்போது, அனுமதிச் சீட்டுக் காலாவதியானவர் என்று இங்கிலாந்தில் இறங்க விடவில்லை. கோஷ்டி ஊருக்குப் போயிற்று. ஆலன் பாரிஸிலேயே நின்றார். அங்கே கில்லி ஸ்மித் என்ற மாதரசியோடு சேர்ந்து அவர் உண்டாக்கியதுதான் 'கோங்' கோஷ்டி. குடியேற்ற உத்தியோகஸ்தர்கள் சங்கீதத்துக்குச் செய்த உபகாரங்களில் இதைவிடப் பெரியது நமக்குத் தெரியாது.

ஆலன் ஒரு முழு புராணத்தையே கற்பனை செய்தார். கோங் என்னும் கிரகத்திலிருந்து தலையில் காற்றாடி முளைத்த பச்சைக் குள்ளர்கள் தேநீர்க் கெண்டிகளில் ஏறிப் பறந்து வருகிறார்களாம். 1973-லும் 1974-லும் வெளியான மூன்று தட்டுகளில் இந்தக் கதை தொடர்கிறது. கதையைப் பற்றி நமது அபிப்பிராயத்தைக் கேட்டால், குழந்தைகளுக்குச் சொல்லலாம். பெரியவர்கள் முதல் கெண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வாசித்தவர்களைப் பாருங்கள். கிதார், ஸ்டீவ் ஹில்லேஜ் என்ற ஆங்கில இளைஞர். சாக்ஸபோனும் புல்லாங்குழலும் தித்தியே மலேர்ப் என்ற பிரெஞ்சுக்காரர். டிரம்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் சங்கீதக் கலாசாலையில் முறையாகத் தாளவாத்தியம் பயின்ற பியேர் மோர்லன். பேஸ், ஃபிஜித் தீவில் பிறந்த மைக் ஹௌலெட். டிம் பிளேக் என்பவர் சிந்தஸைஸர் என்னும் மின்சார யந்திரத்தில் காற்றையும் மேகத்தையும் வரவழைக்கிறார்.

1974-ல் வந்த 'யூ' என்ற மூன்றாவது தட்டில் 'ஐல் ஆஃப் எவ்ரிவேர்' என்று ஓர் உருப்படி. பத்து நிமிஷத்துக்கு மேல். அதைக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு வைத்தோம். முதலில் ஹௌலெட்டின் பேஸ் ஒரு சிறு பிடியை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது வந்து இறங்குகிற இடம் தெரிகிறது. மகனுடைய கால் ஆட ஆரம்பித்தது. அதன் மேலே பெண் குரல்கள் மூச்சு விடுவது போல ஏதோ முணுமுணுக்கின்றன. சாக்ஸபோன் வந்து நெளிகிறது. அதற்குப் பிறகு ஹில்லேஜின் கிதார் எழும்பி உயரே உயரே போகிறது. மகள் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அந்தக் கிதார் எவ்வளவு தூரம் போனாலும் கீழே பேஸ் தன் வீட்டை விட்டு நகரவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறது என்ற தைரியத்தில்தான் அது அவ்வளவு தூரம் போகிறது என்று நமக்குத் தோன்றிற்று. அன்னையார் என்ன செய்கிறார் என்று இருட்டில் பார்த்தோம். விரலால் விசிறிக் காம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நமது இல்லத்தரசி மாத்திரம், "முடிந்ததா?" என்று கேட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

நான்கு ஜாடிகளையும் கவிழ்த்துக் கொட்டினால் கலவை ஆகிவிடாது என்பது அன்று தெரிந்தது. அப்படிக் கொட்டியவர்கள் அநேகர். அவற்றையும் கேட்டுத் தலைவலி வாங்கிக்கொண்டோம். ஹில்லேஜ் அவ்விதம் செய்யவில்லை. கோங்கை விட்டு விலகியபின் அவர் ஃபங்க்கின் மேல் காதல் கொண்டு, 1977-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே போனார். ஸ்டீவி ஒண்டருக்கு வாசித்த ரெஜி மக்பிரைடைப் பேஸுக்கு வைத்துக்கொண்டார். ஸ்டீவி ஒண்டருடைய தட்டுகளுக்கு ஒலி கொடுத்த 'டான்டோ' என்ற மாபெரும் சிந்தஸைஸரைக் கட்டிய மால்கம் ஸெஸிலையே மேற்பார்வைக்கு அமர்த்தினார். 'மோட்டிவேஷன் ரேடியோ' என்னும் அந்தத் தட்டு சற்று மெருகு கூடியது என்பது நமது எண்ணம், உருப்படிகளும் குறுகிவிட்டன. மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு அதுவே சிகரம். அதற்கு முந்தின வருஷத்து 'எல்' என்ற தட்டில் ஹில்லேஜ் 'ஓம் நமச்சிவாய' என்று ஓர் உருப்படியே பாடி வைத்திருக்கிறார். அது ஒலித்தபோது அன்னையார் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, உச்சரிப்பில் இரண்டு திருத்தங்கள் சொன்னார்.

அதற்கப்புறம் மகன் புறப்படும் வரையில் பதினொரு இரவுகள் கூடத்தில் சங்கீதம் நடந்தது. ஆலன் 2015-ல் காலமானார். கோங் கோஷ்டி அவருக்குப் பிறகும் புதிய ஆட்களோடு வாசித்து வருகிறது என்பதை மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

இப்போது தேடும் உத்தியோகத்தை மகள் ஏற்றிருக்கிறாள். ஆஸ்ரிக் டென்டகிள்ஸ் என்று ஒரு கோஷ்டியைப் பிடித்திருக்கிறாள். 1983-ல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புராதனக் கற்களின் அருகே நடந்த இலவச விழாவில் உருவானவர்கள். ஆரம்பத்தில் தங்கள் சங்கீதத்தைக் காஸெட் நாடாக்களில் தாங்களே பதிந்து விற்றார்கள். பெரும்பாலும் பாட்டே கிடையாது, வாத்தியந்தான். 1993-ல் இவர்களுடைய தட்டு ஒன்று இங்கிலாந்தில் பதினொன்றாவது இடம் வரை போயிற்று. பல தட்டுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன என்று நமக்கு ஒரு குறை உண்டு. ஆனால் 1990-ல் வந்த 'எர்ப்லாண்ட்' நன்றாயிருக்கிறது. பேஸ் தரையிலும் சிந்தஸைஸர் மேகத்திலுமாக, கோங் போட்ட பாதையிலேயே போகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் பேசியபோது, பின்னால் ஒலிப்பது என்ன என்று கேட்டான். பெயரைச் சொன்னோம்.

"யார் காதில் இருக்கிறது?" என்றான்.

"கூடத்தில் வைத்திருக்கிறோம்" என்றாள் அவன் தங்கை.