அடுத்த ஸ்டேஷன் சயான்

குடும்பத்தோடு மும்பைக்கு வரும் தமிழர்களுக்கு ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபண்டா, மஹாலக்ஷ்மி கோயில், நேரமிருந்தால் ஜுஹு. பெரும்பாலும் டாக்ஸியில். இந்தப் பட்டியலில் தமிழர்கள் வாழும் மும்பைக்கு இடமில்லை, ரயிலுக்கும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது மகன் உடனே ஷூவை மாட்டிக்கொண்டான். மகளுக்கு எலிஃபண்டா கைநழுவிப் போன வருத்தம்.

தங்கியிருந்தது செம்பூரில், மனைவியின் சித்தப்பா வீட்டில். வேண்டுமென்றே சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் ரயில்களை நிறுத்திவிடுவார்கள், அல்லது வேறு பாதையில் திருப்பிவிடுவார்கள். அதற்கு மெகா பிளாக் என்று பெயர். மும்பைக்காரர்கள் நல்ல நேரம் பார்க்காமல்கூட உறவினர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். மெகா பிளாக் பார்க்காமல் கிளம்பமாட்டார்கள்.

நாள் முழுவதும் எந்த லோக்கலிலும் ஏறி இறங்க சுற்றுலா டிக்கெட் கிடைக்கிறது. செம்பூர் ஹார்பர் லைனில் இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி இந்த ஹார்பர் லைனில்தான், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது. குர்லாவில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறினால் அது இன்னும் பழைய பாதை: 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கி.மீ. ஓடிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் சென்ற வழி. இதையெல்லாம் மகனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. மனைவியும் மகளும் பெண்கள் பெட்டியில் மறைந்தார்கள். லோக்கலில் குடும்பம் என்பது ஏறும்போது பிரிந்து இறங்கும்போது சேர்வது. குர்லாவில் எந்தப் படிக்கட்டின் கீழே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குர்லாவிலிருந்து ஸ்லோ வண்டியில் இரண்டாவது ஸ்டேஷன் மாட்டுங்கா. டிக்கெட் கவுன்டரிலும் பிளாட்ஃபாரத்திலும் பெண்கள். 2017இல் நாட்டிலேயே முதன்முதலாக முழுக்கப் பெண் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஸ்டேஷன் இது. மகள் அன்று முதல்முறையாக எலிஃபண்டாவை மறந்தாள்.

வெளியே வந்தால் வாழையிலை, மல்லிகைச் சரம், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. கும்பகோணத்துக் கடைத்தெருவில் நிற்கிறோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். தெருக்களின் அகலத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசல்தான் காரணம் என்று முடிவுகட்டிய அரசு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. அது திட்டம் போட்டு உருவாக்கிய புறநகர் தாதர்-மாட்டுங்கா. டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிய தமிழ் இளைஞர்கள், அதிலும் பிராமணர்கள், இங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. பாட்டுக்குச் சண்முகானந்தா அரங்கம். 1990இல் தீப்பிடித்து எரிந்த அந்த அரங்கத்தை மீண்டும் கட்டித் திறக்க 1998 ஆயிற்று.

பகல் உணவு ஸ்டேஷனுக்கு எதிரே ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில். 1942இலிருந்து இலை போடுகிறார்கள். மும்பை 'மதராஸி சாப்பாடு' என்று கொண்டாடுவதைப் பரிமாறுகிறவர்களில் பாதிப்பேர் கன்னடக்காரர்கள் என்பதை இங்கே யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ரசம் நன்றாக இருந்தது.

மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். மராத்தி அறிவிப்பில் 'ஷீவ்' என்று கேட்கும். எல்லை என்று பொருள். பழைய பம்பாய்த் தீவு இங்கே முடிந்தது. ரயிலில் ஒரு சில நிமிடம்தான். இறங்கி மேற்கே நடந்தால் தாராவி.

மாட்டுங்காவுக்கு அகலத் தெருக்களைக் கொடுத்த அதே நகரம், நாற்றமெடுக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே தள்ளியது. தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்தது. தோல் வியாபாரத்தை நடத்தத் திருநெல்வேலி முஸ்லிம்களும், தொட்டிகளில் இறங்கி வேலை செய்ய அந்தச் சீமையின் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். இங்குள்ள பிள்ளையார் கோயில் 1913இல் கட்டப்பட்டது. அதாவது, மாட்டுங்காவின் தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுக்கு முன்பே தாராவியில் தமிழன் கோயில் கட்டிவிட்டான். ஆனால் 'பம்பாய்த் தமிழர்' வரலாறு எழுதுகிறவர்கள் மாட்டுங்காவில்தான் தொடங்குகிறார்கள்.

தாராவியைப் 'பார்க்க' வருகிறவர்களைப் பற்றி எனக்கு மரியாதை கிடையாது. வழிகாட்டியின் பின்னால் வரிசையாக நடந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, உழைப்பைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் தொண்ணூறடி சாலையில் கடை கடையாகப் போனோம். பலகைகளில் தமிழ். முடிதிருத்தகம், நகை அடகு, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் மகள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். மும்பைத் தெருக்களில் பூம் பூம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் இட்லி விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த இட்லிகள் விடியுமுன் இந்தச் சந்துகளில்தான் வேகின்றன.

ஒரு முறுக்குக் கடையில் நின்றோம். சுற்றிக்கொண்டிருந்த அம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் மனைவிக்கும் அதே பக்கம் என்று தெரிந்ததும் பேச்சு வீட்டைப் பற்றித் திரும்பியது. 2022இல் மறுசீரமைப்பு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போயிற்று. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மற்றவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ.

"எங்க வீட்டுக்காரவுக 97லயே வந்துட்டாவ. ரேஷன் கார்டு கெடச்சது 2003லதான். கார்டைத்தான கேக்காவ? என்ன செய்ய?" என்றார் அவர். கை நிற்கவில்லை, முறுக்கு வட்டம் வட்டமாக விழுந்துகொண்டே இருந்தது. அடுப்பு வைக்கவும் மாவு காயப்போடவும் வாசல் வேண்டும். ஏழாவது மாடியில் வாசல் எது என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டோம். ஊர்க்காரி என்று மனைவியிடம் காசு வாங்க மறுத்தார்; கட்டாயப்படுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

மாலையில் செம்பூர். மாட்டுங்காவில் இடம் போதாதவர்கள் நகர்ந்து வந்த ஊர் இது. சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில் படிகளைக் குழந்தைகள் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். நான் எண்ணிக்கையை நம்பி மெதுவாகப் பின்தொடர்ந்தேன்.

வீட்டில் சித்தப்பா காத்திருந்தார். ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் குர்லாவில் வண்டி மாறி, சயான் வழியாக தாதருக்கு வேலைக்குப் போய்வந்தவர்.

"எங்கெல்லாம் போனேம்மா?"

மனைவி சொன்னாள்.

"தாராவியா? அங்க பார்க்க என்ன இருக்கு? நான் ஒரு நாள்கூட சயான்ல இறங்கினதில்லை."

மனைவி பதில் சொல்லாமல் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். சித்தப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். பிறகு இன்னொன்று.

"கை முறுக்கு பிரமாதமா இருக்கே. மாட்டுங்காவில வாங்கினதா?"