அச்சுக்கும் ஒரு கணக்கு

கொல்லிமலையின் மேட்டுநிலத்தில் பாக்சைட் வெட்டிய பள்ளங்களின் ஓரம் நின்றால், மேலே செம்மண், அடியில் துளைத்துளையாய்க் கல் எனக் கனிமத்தின் அடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்காட்டிலிருந்தும் இங்கிருந்தும்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கனிமம் போனது. 2008-ஓடு வெட்டு நின்றது. உலோக நானோகம்பித் தொழிலை எடைபோட இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறேன். ஏனென்றால் அந்தத் தொழிலின் நுட்பம் கம்பியில் இருப்பதைவிட, கம்பியை வார்க்கும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) அச்சில்தான் அதிகம்.

இந்தக் கம்பிகளை வளர்க்கும் மின்படிவு முறை நமக்குப் புதிதல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நானோகம்பிக்கு வேண்டிய அச்சைச் செய்ய, மெருகேற்றிய அலுமினியத் தகட்டைக் குளிர்ந்த ஆக்சாலிக் அமிலத்தில் தொங்கவிட்டு 40 வோல்ட் கொடுக்கிறார்கள். தகட்டின் மேல் வளரும் ஆக்சைடில் தேனடைபோல் துளைகள் விழுகின்றன. ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் இடைவெளி. முதலில் வளர்ந்த அடுக்கைக் கரைத்துவிட்டு மறுபடி வளர்த்தால் துளைகள் ஒழுங்காக அமையும் என்பதை 1996-இல் ஜப்பானின் மசுடாவும் சடோவும் காட்டினார்கள். பிறகு அந்த ஆக்சைடுச் சவ்வைப் பிரித்து, துளைகளின் அடைபட்ட அடியைப் பாஸ்பாரிக் அமிலத்தால் திறந்து, ஒரு பக்கம் பொன் பூசி, அதை எதிர்மின்முனையாக்கித் தாமிர சல்பேட் கரைசலில் இறக்குகிறார்கள். தாமிரம் அடியிலிருந்து மேலேறி வருகிறது. ஹைட்ரஜன் குமிழி அடைத்தால் அந்தத் துளை வீண். கம்பி துளையின் வாயைத் தொட்டதும் மின்னோட்டம் சட்டென்று ஏறும். அந்த நொடியில் நிறுத்தத் தவறினால் கம்பிகளின் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகிவிடும். கருவி எவ்வளவு நல்லதானாலும் நிறுத்துவது பழகிய கண்ணின் வேலை. இதைக் கைவினை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கடைசியில் அந்த அச்சு காஸ்டிக் சோடாவில் கரைக்கப்படுகிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்க ஆலைகளில் ஊற்றுவதும் இதே காஸ்டிக் சோடாதான். ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். மின்பகுப்புத் தொட்டியில் ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் செலவாகும். கழிவான செஞ்சேறு மலையாய்க் குவியும். இத்தனைக்குப் பிறகு கிடைத்த உலோகத்தை ஒரே முறை பயன்படுத்திக் கரைத்துக் கொட்டுகிறோம்.

ஓர் அச்சின் எடை ஒரு கிராம்கூட இல்லையே, அதற்கா இவ்வளவு கணக்கு என்று கேட்பார்கள். ஆய்வக அளவில் கேள்வி நியாயமானது. ஆனால் உணரிகளுக்கும் மின்கலங்களுக்கும் இந்தக் கம்பிகளைத் தொழிற்சாலை அளவில் செய்வதுதானே நோக்கம்? அப்போது வீணாவதும் அதே அளவில் பெருகும். இதற்குத் தேவை 99.999 விழுக்காடு தூய அலுமினியம், அது கொல்லிமலைக் கனிமம் அல்ல என்ற மறுப்பும் உண்மையே. இந்தக் கம்பி இந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தூய்மை கூடக்கூட மின்செலவும் கூடும். எந்த மலையில் வெட்டினாலும் பள்ளம் பள்ளம்தான். மேல்மண் போன நிலத்தில் சாமையும் தினையும் விதைக்க முடியாமல் நிற்பவர்கள் அங்கும் இருப்பார்கள். அலுமினா அச்சுக்கு மாற்றாகப் பாலிகார்பனேட் சவ்வு இருக்கிறதே என்றால், அதில் துளைகள் தாறுமாறாக விழும். எல்லா வேலைக்கும் உதவாது.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சவ்வைப் பிரித்தபின் மிஞ்சும் தகட்டை மெருகேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். காஸ்டிக் கரைசலில் அமிலம் சேர்த்து நடுநிலையாக்கினால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படியும், வடிகட்டி எடுத்துவிடலாம். கம்பியின் நீளமும் விட்டமும் எழுதும் பதிவேட்டில், கரைத்த அலுமினாவுக்கும் மீட்ட அலுமினாவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்கிறேன்.