வேம்புக்கு ஒரு மீட்டர் மண்

1934-ல் சிமெண்ட் ஆலை வந்த ஊர் எங்க மதுக்கரை. அதுக்காக மரத்தோட தூர்ல கூடவா சிமெண்ட் பூசணும்? எங்க வீதியில ரோடு போட்டப்போ வேப்பமரத்தைச் சுத்தி ஒரு விரல் இடம்கூட விடலை. இப்ப மரம் பருக்கப் பருக்க, பட்டை சிமெண்ட் விளிம்புல அழுந்திப் பிதுங்கி நிக்குது. மழைத்தண்ணி வேருக்கு இறங்காம சாக்கடைக்குப் போயிடுது. வேருக்கும் காத்து வேணும்ங்க. மூச்சு முட்டுற வேர் செத்துப்போச்சுன்னா, அடுத்த பெருங்காத்துக்கு மரம் சாயும். அப்புறம் "ஆபத்தான மரம்"னு சொல்லி வெட்டிருவாங்க.

டெல்லியில மரங்களைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை எடுக்கணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லயே உத்தரவு போட்டது. அந்த ஒரு மீட்டர் இங்கேயும் வேணும்.

"சருகு கூட்டி மாளலைங்க, வெட்டிட்டாத் தேவலை"ங்கிறாங்க பக்கத்து வீட்டு அக்கா. அவங்க சிரமம் நிஜம். தினமும் குனிஞ்சு கூட்டுறது அவங்கதான். நிழல்ல வண்டி நிறுத்துறது நாம எல்லாரும். அதனால கூட்டுற வேலையையும் முறை போட்டுக்கணும். பக்கத்து வீட்டு மரத்துக் கிளை நம்ம மாடிக்கு வந்தா, சொல்லிட்டு அந்தக் கிளையை மட்டும் கழிக்கலாம். அதுக்காகத் தூர்ல ஆசிட் ஊத்துறது கொலை.

தூரைச் சுத்தி சிமெண்ட்டை உடைச்சுத் தரச்சொல்லி நகராட்சிக்கு மனு எழுதியிருக்கேன். நம்ம வீதிக்காரங்க கையெழுத்துப் போட வாங்க.