அவசரத்தில் போர்மட் பண்ணாதீங்க



தவணைப் பரீட்சை வினாத்தாளைப் போட்டோகொப்பி எடுக்கப் போன இடத்தில் என் பென் டிரைவில் வைரஸ் ஏறிவிட்டது. வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டால் எல்லாமே ஷோர்ட்கட். ரைட் கிளிக், போர்மட், குயிக் போர்மட், ஸ்டார்ட். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வினாத்தாள்தான் கொம்பியூட்டரில் இருக்கிறதே என்ற தைரியம்.

இஷாவுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மர்ஹூம் வாப்பா பழைய கதை சொல்லும்போது தங்கச்சி போனில் பதிந்த குரல் அதில் மட்டும்தான் இருந்தது. உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஐ.டி. படித்த பழைய மாணவனுக்குக் கோல் எடுத்தேன். "சேர், அதுக்குப் பிறகு புதுசா ஏதும் கொப்பி பண்ணினீங்களா?" இதைத்தான் முதலில் கேட்டான். இல்லை என்றதும் அவனுக்கே மூச்சு வந்தது. குயிக் போர்மட் அட்டவணையை மட்டும்தான் புதுப்பிக்குமாம். மேலே வேறொன்றை எழுதும் வரை ஃபைல் உள்ளேதான் கிடக்கும். இடாப்பில் பெயரை வெட்டியும் பிள்ளை வகுப்பில் இருப்பது மாதிரி. ஃபுல் போர்மட் கொடுத்திருந்தால் எல்லாம் பூச்சியமாகியிருக்கும். அதைவிட, அந்த வைரஸ் பெரும்பாலும் ஃபைலை அழிப்பதே இல்லை, மறைத்துத்தான் வைக்குமாம். போர்மட்டே தேவைப்பட்டிருக்காது!

போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பென்னில் இல்லாமல் கொம்பியூட்டரில் மீட்டெடுத்தோம். ஃபைல் வந்தது, பெயர் வரவில்லை. எல்லாம் வெறும் இலக்கம். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹோலில் இருந்த உம்மா, "யாரு மகன், வாப்பாவா பேசுற?" என்றா.