திறந்து கிடக்கும் ஒரு ‘ஜி’

செரிஃப் எழுத்துருக்களில் எனக்குப் பிடித்தது பாஸ்கர்வில். அந்தப் பெரிய ‘க்யூ’வின் வாலைப் பாருங்கள், அடுத்த எழுத்தின் காலடிவரை வீசிப் போயிருக்கும். சின்ன ‘ஜி’யின் கீழ்ச்சுழி மூடாமலே நிற்கும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் நல்ல வித்தியாசம், ஆனால் பொடோனி எழுத்துரு அளவுக்கு மிடுக்குக் கிடையாது.

இதை உருவாக்கிய பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் முதலில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர். அரக்குப் பூச்சுத் தட்டுகள் விற்றுச் சம்பாதித்த காசை அச்சில் கொட்டினார். 1757இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூல் அவர் அச்சில் வந்தது. மெல்லிய கோடுகள் சிதையாமல் விழ வேண்டுமே, அதற்காக மையைக் கருமையாக்கினார். அச்சிட்ட தாளைச் சூடாக அழுத்தி வழவழப்பாக்கினார். லண்டனில் சிலர் கண் வலிக்கிறது என்றார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் குறும்புக்காரர்: இன்னொரு எழுத்துருக் கலைஞரான காஸ்லனின் மாதிரித் தாளில் பெயரைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில் என்று அப்படிக் குறைபட்ட ஒருவரிடம் நீட்டினார். அவரும் வரிசையாகக் குறை சொன்னாராம்!

புத்தகத்தின் உள்பக்கங்களுக்கு இதைத் தாராளமாகப் போடலாம். கைப்பேசியில் பொடி அளவில் வேண்டாம், மெல்லிய கோடுகள் கரைந்துவிடும். தலைப்புக்கோ அழைப்பிதழுக்கோ என்றால் 1996இல் சூசானா லிட்ச்கோ இதையொட்டி வரைந்த ‘மிசஸ் ஈவ்ஸ்’ இன்னும் அழகு. பாஸ்கர்வில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிறகு அவருக்கே மனைவியான சாரா ஈவ்ஸின் பெயர் அது.