கயிற்றில் தொங்கிய நூலகம்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நூலகத்துக்கென்று அறை கிடையாது. மூன்று இரும்பு பீரோக்கள்தான் நூலகம். ஒன்று தலைமையாசிரியர் அறையில், இன்னொன்று ஆசிரியர்கள் ஓய்வறையில், மூன்றாவது அறிவியல் கூடத்தில், எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே. மன்னார்குடி வட்டாரம், எண்பதுகளின் நடுப்பகுதி. கால அட்டவணையில் வாரம் ஒரு நூலக வகுப்பு உண்டு. அதில் நாங்கள் கணக்குப் போட்டோம்.

பீரோக்கள் பூட்டிக் கிடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேடு என்று தடித்த நோட்டு ஒன்று இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகக் கேட்பார்கள். குறைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். பிள்ளைக்குட்டிக்காரர் யார் திறப்பார்? அந்தப் பொறுப்பு ஒவ்வொருவர் கையாக நழுவிக் கடைசியில் கிராஃப்ட் சாரிடம் வந்து நின்றது. தறியும் புத்தகக் கட்டும் சொல்லிக்கொடுத்தவர். மூத்த ஆசிரியர்கள் அவரை அவ்வளவாகச் சட்டை செய்ய மாட்டார்கள். அதனாலேயே அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை.

முதலில் அவர் செய்தது, வராந்தாவில் இரண்டு தூண்களுக்கு நடுவே தேங்காய் நாரில் ஒரு கயிறு கட்டியது. பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளைத் தொங்கவிடுவது போலவே அதில் பழைய அம்புலிமாமா, கோகுலம், அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த பூந்தளிர் எல்லாவற்றையும் தொங்கவிட்டார். சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வருகிற வழி அது. ஈரக் கையோடு தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தோம். மணியடிக்கும் நேரத்தில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறியிருக்கும். மறுநாள்தான் மீதி. இன்னும் எழுத்துக் கூட்டியே படித்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன்களுக்குப் பெரியவர்கள் யாராவது சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். வெயில் ஏறிய மத்தியானங்களில் அந்த வராந்தா முழுக்க இரைச்சல்தான். நூலகம் என்றால் அமைதி என்று எழுதிய பலகை எங்கள் பள்ளியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வகுப்பில் பிடிபடும் காமிக்ஸ் அந்நாளில் கிழிபடும், இல்லையென்றால் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி எங்கள் காலத்திலும் அழுக்கேறி, அட்டை தேய்ந்து, கைமாறிக்கொண்டிருந்தார். சார் ஒரு மரப்பெட்டி வைத்தார். ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிவேடு கிடையாது, கையெழுத்து கிடையாது. வீட்டில் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. காமிக்ஸ் எடுக்க வந்தவன் பக்கத்தில் கிடந்த வாண்டுமாமாவையும் எடுத்துக்கொண்டு போனான்.

எனக்கு மறக்காதது அந்தப் பாரம் பிரித்த கதை. அட்டை போய், பெயர்ப் பக்கமும் போய், தையல் விட்டுக் கிடந்தது ஒரு சாகசக் கதை. திரும்பத் தைப்பதற்கு முன் அதைப் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாகப் பிரித்து, பையன்கள் பெண்கள் என்று பாராமல் ஆளுக்கொரு பாரம் கொடுத்துவிட்டார். அடுத்த நூலக வகுப்பில் வரிசையாக நின்று அவரவர் பகுதியைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழாவது பாரம். பிரித்தால் கதாநாயகன் ஏற்கெனவே கிணற்றுக்குள் கிடக்கிறான். யார் தள்ளினார்கள் என்பது ஆறாவது பாரத்தில். அது ஒரு பெண்ணிடம் இருந்தது. பெண்பிள்ளைகளோடு பேசினால் பட்டப்பெயர் வைத்துவிடுகிற ஊர். அவள் தம்பிக்குக் கமர்கட் வாங்கிக்கொடுத்துக் கேட்டுவரச் சொன்னேன். அவனோ “அக்கா சொல்ல மாட்டேங்குது, ஏழாவதுல என்ன வருதுன்னு உன்னையக் கேட்டுட்டு வரச் சொல்லுது” என்று திரும்பி வந்தான்.

கதை சொல்லி முடித்த அன்று அதற்கு ஒரு தலைப்பும் நாங்களே வைத்தோம். பிறகு தையல். மைதாவைக் காய்ச்சிப் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை, முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்குக் காக்கித் தாள். காக்கித் தாளின் மேல், படித்தவர்கள்தான் படம் வரையலாம். படிக்காதவன் வரைந்தால் இரண்டு கேள்வியில் மாட்டிக்கொள்வான். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் பீரோவில் பாதிக்கு மேல் நாங்களே அட்டை போட்ட புத்தகங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தாரின் வேன் வந்து நிற்கும். காசுக்கு மீறிய கனத்தோடு சோவியத் புத்தகங்கள். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ அப்படி வந்ததுதான். அதைப் படித்துவிட்டு அவரவர் அப்பாவிடம் அதேபோல ஒரு கதை கேட்டு எழுதி வரச் சொன்னார் சார். வயலில் இருந்த அப்பாக்கள் திகைத்துப் போனார்கள். எங்கள் அப்பா, பாமணியாற்றில் வெள்ளம் போனபோது பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க ஸ்லேட்டைத் தண்ணீரில் விட்டதைச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அந்தத் தாள்களையும் தைத்துப் பீரோவில் வைத்தார் சார். இருப்புப் பதிவேட்டில் ஏறாத புத்தகம் அது ஒன்றுதான்.

1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்தப் புத்தக வரத்து நின்றது. பூந்தளிர் நின்றது, அம்புலிமாமா நின்றது, கோகுலமும் நின்றது. கைத்தொழில் பாடம் தேய்ந்துபோய், தறி இருந்த கொட்டகை சைக்கிள் நிறுத்துமிடமாயிற்று. சாரும் இப்போது இல்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-ல் வெளியிட்டார். புத்தகங்கள் பயன்படுத்தவே என்பது அதில் முதல் விதி. அதே ஆண்டு அக்டோபரில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். சார் படித்திருந்தாரோ என்னவோ, விதியை மட்டும் நடத்திக் காட்டிவிட்டார். தணிக்கையில் சில புத்தகங்கள் குறைந்தன. பணம் அவர்தான் கட்டினார். “தொலஞ்சதுன்னா யார் வீட்லயோ இருக்குன்னு அர்த்தம்டா” என்று எங்களிடம் சொன்னதோடு சரி.

இப்போது அரசுப் பள்ளிகளுக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 2022-லிருந்து ஊஞ்சல், தேன்சிட்டு என்று பள்ளிக் கல்வித் துறையே பிள்ளைகளுக்குப் பத்திரிகை போடுகிறது. வகுப்பில் கயிறு கட்டிப் புத்தகம் தொங்கவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நூலக வகுப்பு அட்டவணையில் அப்படியே இருக்கிறது. ‘போர்ஷன் முடியலை’ என்று கணக்கு வாத்தியார் மட்டும் அதைக் கடன் கேட்காதிருக்க வேண்டும். வாங்கிய கடனை அவர் எந்தக் காலத்திலும் திருப்பித் தந்ததில்லை.