அன்னாசித் தீவில் ஒரு கோடை

லிஸ்பன் மாநகரில் மாணவராயிருந்த எமக்கு 2019ஆம் ஆண்டின் கோடை விடுமுறை கவலையோடுதான் பிறந்தது. அடுத்த தவணைக்குரிய கட்டணத்தில் அரைவாசிதானும் கையில் இல்லை. அவ்வேளை நண்பரொருவர், சாவோ மிகேல் தீவிலுள்ள அன்னாசித் தோட்டமொன்றுக்கு ஆள் தேவையென அறிவித்தார். தீவு எங்கேயிருக்கிறதென்றும் பாராமல் ஒப்புக்கொண்டோம். பின்னரே தேசப்படத்தை விரித்தோம்.

லிஸ்பனுக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, போர்த்துக்கலுக்குரிய அசோர்ஸ் தீவுகள் ஒன்பது கிடக்கின்றன. அவற்றுட் பெரியது சாவோ மிகேல்; லிஸ்பனிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தூரம். எரிமலைகள் ஈன்ற மண் அது. கறுத்த கல்லாற் கட்டி வெள்ளை பூசிய வீடுகள். வேலியெங்கும் நீலப் பூங்கொத்துக்கள். எக்குன்றை நோக்கினும் மேயும் பசுக்கள். வெயிலும் மழையும் மூடுபனியும் ஒரே பகலில் மாறி மாறி வரும். குடையை மறந்த நாளெல்லாம் நனைந்தோம்.

அத்தகைய தேசத்தில் அன்னாசி எவ்வாறு விளையுமென்று வாசகர் வினவலாம். முற்காலத்தில் இத்தீவு இங்கிலாந்துக்குத் தோடம்பழம் அனுப்பிச் செழித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நோய் கண்டு தோடைகள் அழியவே, அதுவரை அலங்காரச் செடியாய் நின்ற அன்னாசியைத் தோட்டக்காரர் கைக்கொண்டனர். அது வெளியில் வளராது. அதற்கென மரச்சட்டங்களில் கண்ணாடி பொருத்திய நீண்ட வீடுகள் உண்டு. கடும் வெயில் செடியைச் சுடாதபடி கண்ணாடிமீது சுண்ணாம்பு பூசியிருப்பர். உள்ளே காலடி வைத்தால் எம்மூர்ச் சித்திரை மாதந்தான்! பாத்திகளில் இலைகுழைகளைப் பரப்புவதும், களை பிடுங்குவதும், கூடை சுமப்பதும் எம் வேலை. முதல் வாரம் முதுகு நிமிரவில்லை. இலை நுனிகள் குத்திய கைகளை இரவில் வெந்நீரில் வைத்துக்கொண்டு, படிப்பும் வேண்டாம் கட்டணமும் வேண்டாமென எண்ணியதுமுண்டு.

எனினும் எம்மைக் கவர்ந்தது அங்கே புகையூட்டும் முறை. செடிகள் தக்க பருவம் எய்தியதும் கண்ணாடி வீட்டை அடைத்து, உள்ளே பச்சிலைகளையும் சருகுகளையும் புகைய விடுவர். இவ்வாறு பல நாள் செய்தால் செடிகளெல்லாம் ஒருங்கே பூக்கும். நட்டது முதல் கொய்வதுவரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு செல்லுமாயினும், ஒரு வீட்டுப் பழங்கள் யாவும் ஒரே காலத்தில் முற்றும். யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் கிடங்கில் இட்டுப் புகையடித்துப் பழுக்கவைப்பதை மேற்பார்வையாளருக்கு விளக்கினோம். அவர் வாய்விட்டுச் சிரித்து, "அப்படியானால் உமக்குப் பாதித் தொழில் முன்னரே தெரியும்" என்றார். அங்கே பழுக்கவைப்பதும் இங்கே பூக்கவைப்பதும் புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே.

வேறொரு வியப்பும் எமக்கிருந்தது. லிஸ்பனில் வகுப்புக்கும் நூலகத்துக்குமாக ஓடித்திரிந்த எமக்கு, ஒரு போர்த்துக்கேயக் குடும்பத்தின் குசினிக்குள் அமரும் வாய்ப்பு அத்தீவிலேதான் முதலிற் கிடைத்தது. நாம் தங்கிய வீட்டு அம்மையார் எண்பதைக் கடந்தவர். அவர் காட்டிய பொருள்களெல்லாம் எம் பாட்டியின் வாய்ச்சொற்களாய் இருந்தன: கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, தாச்சி, காலையில் பாண். குசினி என்பதும் அவர்கள் சொல்லே, அன்னாசியும் அவ்வாறே. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு சென்றோர் கோயில்களை இடித்த கதையை நாம் பள்ளியிற் படித்திருந்தோம். அவர்கள் விட்டுச்சென்ற கதிரையில் இன்றும் நாம் அமர்ந்திருப்பதை எவரும் சொல்லித்தரவில்லை.

அம்மையாரின் மக்கள் மூவரும் கடல் கடந்தவர்கள். அத்தீவுகளில் இது வழமை. 1957 செப்டெம்பரில் ஃபயால் தீவின் மேற்கு முனையருகே கடலுக்குள் எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஒக்டோபர்வரை சாம்பல் சொரிந்தது. வீடிழந்தோரை ஏற்க ஐக்கிய அமெரிக்கா 1958இல் தனிச் சட்டமே இயற்றிற்று. அதற்கு முன்னும் பின்னும் ஏனைய தீவினரும் அந்நாட்டுக்கும் கனடாவுக்கும் பெயர்ந்தவண்ணமிருந்தனர். ஓகஸ்ட் மாதம் வந்தாற் போதும், அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊர் திரும்புவர். அடைத்த வீடுகள் திறக்கும். தெருவெல்லாம் ஆங்கிலம் கேட்கும்.

அம்மையாரின் மூத்த மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தார். எம் சிறிய தந்தையாரும் அந்நகரிலேயே வசிக்கிறார் என்றதும், தமிழர் கடையொன்றில் தாம் மீன் வாங்குவதாகச் சொல்லி மகிழ்ந்தார். மூன்றாம் நாள் இரவு, வீட்டை விற்றுவிட்டுத் தம்மோடு வருமாறு தாயை வேண்டினார். அம்மையார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், மறுமொழி கூறவில்லை. நாம் எழுந்து முற்றத்துக்குச் சென்றோம். எம் ஊரிலும் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனை விற்பதா வைப்பதா என்று தந்தையார் எழுதிய கடிதம், விடையின்றி எம் பெட்டிக்குள் இருந்தது.

மகன் புறப்பட்டுச் சென்ற மறுநாள் அம்மையார் எம்மை அழைத்து, "மகனே, கடையில் ஒரு தகரம் பச்சைச் சாயம் வாங்கி வா" என்றார். செப்டெம்பரின் கடைசி ஞாயிறு அது. கட்டணத்துக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, மறுநாள் விமானம். பகல் முழுவதும் ஏணியில் நின்று, அவ்வீட்டு யன்னல்கள் ஏழுக்கும் சாயம் பூசினோம். கீழே கதிரையில் அமர்ந்திருந்த அம்மையார், விடுபட்ட மூலைகளைக் கைத்தடியாற் காட்டிக்கொண்டிருந்தார்.